சந்தனத் திமில்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

இன்றும் திமில் வரவில்லை.

கண்ணாடிக் குழாய்க்குள் ஆர்கான் வாயு ஊதாவும் ரோஸுமாக எரிகிறது. நடுவில் ப்ரோப் நிற்கிறது. தலைமுடி மாதிரி ஒரு டங்ஸ்டன் கம்பி. நுனி மட்டும் வெளியே, மீதி பீங்கான் உறைக்குள். மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் நுனி எவ்வளவு எலக்ட்ரானைப் பிடிக்கிறது என்று தெரியும். அதிலிருந்து எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான் என்று ஒரு வளைவு போடலாம். என் வளைவு ஏறுகிறது, இறங்குகிறது, தரையைத் தொடுகிறது. அவ்வளவுதான்.

என் வழிகாட்டி அறிவழகன் சாருக்கு இது போதாது. இறங்குகிற சரிவில் இன்னொரு சின்ன மேடு வேண்டும். எனக்கு முன்னால் இதே மேஜையில் ஆராய்ச்சி செய்த கொளஞ்சியப்பன் அண்ணனுக்கு அது வந்தது. வீட்டில் காளை வளர்த்தவர். அவர்தான் அதற்குத் திமில் என்று பேர் வைத்தார். வேகமான எலக்ட்ரான்களின் தனிக்கூட்டம் ஒன்று இருக்கிறது என்று எழுதினார்கள். அந்த மேட்டின் மேல் ஏறி நின்றுதான் அவருக்கு முனைவர் பட்டம், சாருக்குத் துறைத்தலைவர் நாற்காலி.

"அவனுக்கு வந்தது உனக்கு ஏன்மா வரல? கை சுத்தம் பத்தல."

சொல்லும்போது என் கையைப் பார்த்தார். எந்தச் சுத்தத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

13 ஆகஸ்ட்

பஸ்ஸில் இடுப்பில் முழங்கை வைத்தவனைச் சேஃப்டி பின்னை எடுத்துக் குத்தினேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அதற்குப் பிறகு நிம்மதி.

22 ஆகஸ்ட், வியாழன்

காலை முழுக்க சார் பெண்ணின் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்குத் தெர்மாகோல் வெட்டினேன். சூரியக் குடும்பம். சனிக்கு வளையம் ஒட்டினேன். இதற்குத்தான் எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் வாங்கினேன் போல.

மதியம் ப்ரோப். திமில் இல்லை. ஜூலையில் பழைய பீங்கான் உறை விரிசல் விட்டதால் புதிது மாட்டினோம். இந்த அளவை நான் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். ஒரு தடவைகூட வரவில்லை. கம்பியைச் சிவக்கச் சூடேற்றிச் சுத்தம் செய்தும் பார்த்தாயிற்று.

எங்கள் மாடியில் பெண்கள் கழிவறையைப் பூட்டி அதில் உடைந்த நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள். கீழே இறங்கி, நூலகம் தாண்டிப் போக வேண்டும். போகிற வழியில் நோட்டீஸ் போர்டில் துறையின் சாதனைகள். முதல் படம் கொளஞ்சியப்பன் அண்ணனின் திமில். கலரில்.

5 செப்டம்பர், வியாழன்

ஆசிரியர் தினம். சாருக்குச் சால்வை. எனக்குக் கெடு: டிசம்பருக்குள் திமில் வந்தால் நான்காம் அத்தியாயம், ஆய்வுச்சுருக்கம், கையெழுத்து. வராவிட்டால் இன்னொரு வருஷம்.

"கொஞ்சம் கை வெச்சாத்தான் வரும்," என்றார். கையை எங்கே வைப்பது என்று அவரே காட்டினார், கணினித் திரையில், பேனா மூடியால். திமில் இருக்க வேண்டிய பன்னிரண்டு எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் நாலைந்து புள்ளிகளைத் தூக்கிவிடச் சொல்கிறார். வாயில் போளி. விரலில் நெய். அந்த விரலால் என் திரையைத் தொட்டார்.

கை வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. "பாக்கறேன் சார்" என்றேன். என் வாயா இது, ச்சீ.

8 செப்டம்பர், ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து அம்மாவோடு சண்டை. பங்குச் சாமியார் யாரோ ஒருவரின் புது ஸ்கூட்டருக்குத் தீர்த்தம் தெளித்தார், நான் சிரித்துவிட்டேன். அம்மா தையல் மெஷினை விட்டு எழாமலே கேட்டாள்: "நீ மட்டும் என்னாத்தக் கிழிக்கிற அங்க?"

எலக்ட்ரானின் வெப்பநிலை இருபதாயிரம் டிகிரி, அதை அளக்கிறேன் என்றேன்.

"இருபதாயிரமா? அப்ப கண்ணாடி உருகாதாடி?"

எலக்ட்ரான் அவ்வளவு சின்னது, எவ்வளவு கொதித்தாலும் சுவரைச் சுடாது என்றேன்.

"உங்கப்பன் மாதிரின்னு சொல்லு."

அப்பா டீவியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. லேப் உதவியாளர் வைத்திலிங்கம் அண்ணன்தான் எல்லாம். ஒப்பந்த வேலை, ஆனால் இந்த ஒரு நாள் அவருடைய ராஜ்யம். ஆஸிலோஸ்கோப்புக்குப் பொட்டு, வேக்யூம் பம்புக்கு மாலை, பூட்டுச் சாவிக்குக்கூடப் பொட்டு. குழாயைத் திறந்து ப்ரோப்பை வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, பீங்கான் கழுத்தில் சந்தனம் வைத்தார்.

"அண்ணே, அதுக்குமா?"

"இதான பாப்பா மெயினு? சாரே சொல்லியிருக்காரு, வருசா வருசம் மொதப் பொட்டு இதுக்குத்தான். பொட்டிக்கு வெச்சிட்டு உள்ள இருக்கிறவருக்கு வெக்கலன்னா கோச்சிக்க மாட்டாரா?"

நியாயம்தான். எனக்கு இரண்டு கை நிறையப் பொரி கொடுத்தார். "உங்க சாமி ஒண்ணும் சொல்லமாட்டாரே?" என்று கண்ணடித்தார். இந்தக் கட்டடத்தில் என்னிடம் மதத்தை வைத்துக் கிண்டல் செய்ய உரிமை உள்ள ஒரே ஆள். அதில் விஷம் கிடையாது.

16 அக்டோபர், புதன்

திமில் வந்துவிட்டது.

அதே வாயு, அதே அழுத்தம், அதே நான். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் கொழுத்த மேடு. திரும்ப ஓட்டினேன். திரும்ப வந்தது. சார் ஓடி வந்து பார்த்து என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். துறை முழுக்க லட்டு. நானும் ஒன்று தின்றேன்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஏன் இன்று? நேற்றுவரை எங்கே இருந்தது?

17 அக்டோபர், வியாழன்

ப்ரோப்பை வெளியே எடுத்தேன். பீங்கான் வெள்ளையாக இருக்க வேண்டும். கழுத்தில், கம்பி வெளியே வருகிற இடத்தில், கறுப்பாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். கருகல்.

சந்தனம். அண்ணன் மேலாகத்தான் துடைத்துவிட்டு மாட்டியிருக்கிறார். பிளாஸ்மா மீதியைச் சுட்டுக் கரியாக்கியிருக்கிறது. கரி மின்சாரம் கடத்தும். கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிற கரி என்றால் அதுவும் கம்பிதான். சின்ன நுனி பிடிக்க வேண்டிய எலக்ட்ரானோடு பீங்கானும் சேர்ந்து பிடிக்கிறது. கணக்கு அது தெரியாமல் வேகமான எலக்ட்ரான் என்று எழுதுகிறது. தனிக்கூட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பழைய உறையும் கறுப்பாகத்தான் இருந்தது. டங்ஸ்டன் தெறித்துப் படிந்தது என்று எல்லாரும் சொன்னோம். அப்படியும் ஆகும் என்பதால் யாருமே சுரண்டிப் பார்க்கவில்லை.

உறையை மாற்றினேன். திமில் போய்விட்டது.

18 அக்டோபர், வெள்ளி

ஒரு தடவை போதாது. நானே வைத்துப் பார்க்க வேண்டும்.

"அண்ணே, சந்தனம் மிச்சம் இருக்கா?"

அண்ணன் சந்தனக் கட்டையும் கல்லும் கொண்டுவந்து இழைத்தார். புது உறையின் கழுத்தில் நானே பொட்டு வைத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "மோதர விரலால வையி பாப்பா. ஆள்காட்டி விரலால வெக்கக் கூடாது." மோதிர விரலால் வைத்தேன். "குங்குமம்?" "வேணாம்ணே, ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்." ஏதோ மந்திர விதி போலத் தலையாட்டினார்.

மாட்டி, காற்றை இறைத்து, பற்றவைத்தேன். மதியத்துக்குள் திமில்.

அவரிடம் காரணம் சொன்னபோது முகம் விழுந்துவிட்டது. "அப்ப நாந்தான் கெடுத்தனா?"

"நீங்க பொட்டுதான் வெச்சீங்க. தொடச்சிப் பாத்துட்டு அளக்க வேண்டியது எங்க வேலண்ணே."

நம்பின மாதிரி தெரியவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

கொளஞ்சியப்பன் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். பின்னால் கரும்பு டிராக்டர் சத்தம். "அண்ணே, உங்க அளவெல்லாம் எந்த மாசம் எடுத்தது?"

"நவம்பர், டிசம்பர். அப்பத்தான் கரண்ட் ஒழுங்கா இருக்கும். ஏன் ஜெனி?"

சொன்னேன். ஆயுத பூஜைக்குப் பிறகு வருகிற மாதங்கள், சந்தனம், கரி, எல்லாம்.

"மாமனார் வீட்டு ஹால்ல என் ஃபோட்டோ மாட்டியிருக்காங்க. பேப்பர்ல வந்துச்சில்ல, அது. ரெண்டாவது எலக்ட்ரான் கூட்டத்தக் கண்டுபிடிச்ச மாப்ளன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டுறாரு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. உன் தீசிஸ முடிச்சிட்டுப் போயேன். நீ என்னா எங்களுக்கு ஆடிட்டரா?"

வைத்துவிட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எல்லாரும் ஹாலில் ஃபோட்டோ மாட்டி வைத்திருக்கிறார்கள்.

4 நவம்பர், திங்கள்

சாரிடம் மூன்று வளைவுகளையும் வைத்தேன்: வெறும் உறை, சந்தனம் வைத்த உறை, மாற்றிய உறை.

படித்தார். இரண்டாவது வளைவைப் பார்த்தவுடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முட்டாள் இல்லை, அதுதான் அசிங்கம். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சந்தனத்துலதான் உனக்குப் பிரச்சினையா?"

"பிரச்சினை கரியில சார். மெழுகுவத்தியா இருந்தாலும் கரிதான்."

"உங்க ஆளுங்களுக்கு எப்பவும் எங்க பூஜைதான் கண்ண உறுத்தும்."

உங்க ஆளுங்க. என் ஆள் யார்? டங்ஸ்டனா? அந்த ஓட்டைப் பம்பா? நாலு வருஷமா இந்த ஆள் வீட்டு கேஸ் சிலிண்டர் புக் பண்ணதுல இருந்து மாமியாருக்கு ஸ்கேன் எடுக்க வரிசையில நின்னது வரைக்கும் நான், அப்பல்லாம் நான் யார் ஆளு? ஒரு வளைவு காட்டினவுடனே நான் வேற ஜாதி, வேற சாமி ஆயிட்டேன்.

இதெல்லாம் வெளியே வந்து எழுதுவது. அங்கேயே கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் முன்னால் அது கூடாது.

6 நவம்பர், புதன்

வைத்திலிங்கம் அண்ணனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். காரணம்: "அனுமதி இல்லாமல் கருவியில் கை வைத்தது."

முதல் பொட்டு இதற்குத்தான் என்று சொன்ன அதே வாய்.

நான் போய்ச் சொன்னேன், அண்ணன் பேரில் பழி போட்டால் கட்டுரை வந்த பத்திரிகைக்கே எழுதுவேன் என்று. சார் சிரித்தார். "எழுது. சந்தனம் வெச்ச ஆள் யாருன்னு அவங்க கேப்பாங்கல்ல?"

11 நவம்பர், திங்கள்

அண்ணன் வேலைக்கு வந்திருக்கிறார். மகிழ்ந்து போய் அருகில் போனேன். வேக்யூம் பம்புக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அரை நாள் அங்கேயே எதையோ தேடினார்.

13 நவம்பர், புதன்

காரணம் தெரிந்துவிட்டது. முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதல்வர், சார், வேதியியல் துறையிலிருந்து ஒரு அம்மா. மேஜையில் ஒரு புகார். ஆயுத பூஜை அன்று நான் செருப்புக் காலால் சந்தனக் கிண்ணத்தைத் தள்ளினேனாம். "இந்தக் கரியெல்லாம் எதுக்கு" என்று சொன்னேனாம். கீழே வைத்திலிங்கம் அண்ணன் கையெழுத்து. தமிழில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல உருட்டி உருட்டி.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இது நீங்க குடுத்ததுதானே?"

"ஆமாங்க."

"காலால தள்ளுனாங்களா?"

அவர் என் காலைப் பார்த்தார். "ஆமாங்க. தள்ளுச்சு."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. வேதியியல் அம்மா என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். கண்ணாடி போடுகிற, நிதானமாகப் பேசுகிற பெண்மணி. "மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடும்மா. இதோட முடிஞ்சிடும். வெளிய போச்சுன்னா உனக்குத்தான் கஷ்டம், காலம் சரியில்ல."

"அளவு பத்தி யாரும் கேக்கலியே மேடம்?"

"அது உங்க துறை விஷயம்."

சார் பேரம் பேசினார், பேரம் என்று சொல்லாமல். நான் மன்னிப்பு எழுதினால் திமில் அத்தியாயமே வேண்டாம், மீதியை வைத்து ஆய்வுச்சுருக்கம் கொடுக்கலாம், உடனே கையெழுத்து. பழைய கட்டுரைகள் பழையபடி இருக்கும். எழுதாவிட்டால் விசாரணைக் குழு. குழுவில் அண்ணனைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அவர் உளறுவார். பொய்ப்புகார் என்று அவரைத்தான் முதலில் தூக்குவார்கள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

14 நவம்பர், வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். "தெரியாமல் கால் பட்டிருந்தால் வருந்துகிறேன்." அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திமில் உண்மை என்று எங்கேயும் நான் கையெழுத்துப் போடவில்லை, அந்த வரையில் சரி.

சரியா? தெரியவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், சாருக்குப் பிடித்த கை சுத்தம்.

பேருந்து நிலையத்தில் அண்ணன் பின்னாலேயே வந்தார். "பாப்பா, ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. பெரிசு இப்பத்தான் நர்சிங் சேர்ந்திருக்கு."

"தெரியும்ணே. அதான் எழுதிக் குடுத்தேன்."

"என்ன நாலு திட்டு திட்டிடு."

"போங்கண்ணே. பஸ் வந்துடுச்சு."

திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதனால்தான் திட்டவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

3 டிசம்பர், செவ்வாய்

தெருவில் முழங்கால் தண்ணீர். அம்மா தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றினாள். தேவனாம்பட்டினத்திலிருந்து படகு வந்து ஆட்களை ஏற்றிப் போகிறது. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் சார், வெள்ளத்தை ஏரியல் ஷாட்டில் எடுத்த வீடியோ போட்டு "இயற்கையின் சீற்றம்" என்று எழுதியிருக்கிறார். கீழே எல்லாரும் கும்பிட்ட கை.

20 ஜனவரி 2025, திங்கள்

ஆய்வுச்சுருக்கமும் ஆய்வேடும் கொடுத்தாயிற்று. நான்காம் அத்தியாயம் இல்லை. ஐந்து நான்காகிவிட்டது. இப்படித்தான் உண்மையும் சத்தமில்லாமல் எண் மாறிக் காணாமல் போகிறது.

18 பிப்ரவரி, செவ்வாய்

தெரியாத எண். ஒரு பெண் குரல், தெற்கத்திப் பேச்சு.

"அக்கா, ஆரோக்கிய ஜெனிபர் தானே? அறிவழகன் சார் லேப்பு? உங்க ஆபீஸ்ல நம்பர் குடுத்தாவ. என் பேரு மலர்க்கொடி. தூத்துக்குடிப் பக்கத்துல பிஎச்.டி. பண்ணுதேன்."

எதற்கு என்றேன்.

"அந்த ரெண்டாவது மேடு எனக்கு வரவே மாட்டேங்குக்கா. உங்க லேப்பு பேப்பர வச்சுதான் எனக்குத் தலைப்பே குடுத்திருக்காங்க. ப்ரோப்ப மாத்திட்டேன், கேஸ மாத்திட்டேன். எங்க சார் என் கையில கோளாறுங்காரு. வீட்டுல நிறுத்திட்டு மாப்பிள பாக்கட்டுமாங்காவ. நீங்க என்ன பண்ணி வரவச்சீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா, செஞ்சு பாத்துருதேன்."

வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

எங்களிடம் ஒரு மேடு வந்தது, நாங்கள் அதை ஊருக்கு அனுப்பினோம், அது எங்கோ ஒரு பெண்ணின் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது. என் மன்னிப்பு எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இந்தப் பெண் எந்தக் கணக்கிலும் இல்லை.

"உன் கையில ஒண்ணும் கோளாறு இல்ல. நாளைக்குப் படம் அனுப்பறேன்."

"என்ன படம்க்கா?"

"அனுப்பறேன். அழாத."

"நான் அழலக்கா." அழுதுகொண்டுதான் இருந்தாள்.

19 பிப்ரவரி, புதன்

வைவா, அந்தக் கடைசி வாய்மொழித் தேர்வு, அடுத்த மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் அனுப்பலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு மாதம் போகும். ஒரு மாதத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட முடியும் நம் ஊரில்.

அம்மா, "எதாச்சும் சாப்புடு, மூஞ்சப் பாரு" என்றாள்.

மூன்று வளைவுகள், கறுத்த உறையின் ஃபோட்டோ, சந்தனம் இழைத்த விவரம் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: "பீங்கான் உறையைப் பரிசோதிக்காமல் அளந்து கட்டுரை வெளியிட்டது எங்கள் ஆய்வகத்தின் தவறு. அளந்தவர்கள், சரிபார்த்தவர்கள் பொறுப்பு. வேறு எவரும் பொறுப்பல்ல." மலர்க்கொடிக்கு. அவள் வழிகாட்டிக்கு. கட்டுரை வந்த பத்திரிகைக்கு. நகல் அறிவழகன் சாருக்கு, கொளஞ்சியப்பன் அண்ணனுக்கு.

அனுப்பிவிட்டுப் பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் தின்றேன். நிறைய.

21 பிப்ரவரி

சாரிடமிருந்து ஃபோன் பதினாலு தடவை. எடுக்கவில்லை. கொளஞ்சியப்பன் அண்ணன் ஒரே ஒரு செய்தி: "நாசமாப் போ."

7 மார்ச், வெள்ளி

கல்லூரியிலிருந்து கடிதம். "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு" வைவா தள்ளிவைக்கப்படுகிறது. தேதி இல்லை. துறையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். நான் எதிர்பார்த்ததுதான். அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுல தப்பு உன் மேலன்னு எங்கயும் போடலியே" என்றார். அவருக்குத் தெரிந்த சமாதானம் அது.

28 மார்ச், வெள்ளி

புதுநகரில் ஒரு ட்யூஷன் சென்டரில் பிளஸ் டூ இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் மலர்க்கொடி கூப்பிட்டாள். திமில் இல்லாத அவள் வளைவை அவள் சார் ஏற்றுக்கொண்டாராம். தலைப்பையே மாற்றிக் கொடுத்துவிட்டாராம். வீட்டில் மாப்பிள்ளை பேச்சை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

"அக்கா, ஒரு பேப்பர் எழுதுதேன். நன்றி சொல்லுத எடத்துல உங்க பேரப் போடலாமா?"

"போடு."

"டாக்டர் ஆரோக்கிய ஜெனிபர்னு போடட்டா? எப்படியும் பேப்பர் வரதுக்குள்ள கெடச்சிரும்லா?"

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்து பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்," என்றேன். "வெறும் பேரு போதும்."